பொய்யாகாத வாக்கியம்

சரி என்று வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக் கூடாது. லேப்டாப்பின் சூடு சேலை வழியாகத் தொடையில் ஏறிக்கொண்டிருக்கிறது, திரையில் ஒரே ஒரு வரி, நிரூபிக்கப்பட்டது என்று, பச்சையில். நான் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மூடுவதற்குள் வந்துவிட்டது. நேற்றுவரை இதைவிடச் சின்னக் கேள்விகளுக்கெல்லாம் இந்தப் பெட்டி விசிறி இரைய இரைய யோசித்தது. இன்றைக்கு மட்டும் என்ன வந்தது இதற்கு. சந்தோஷப்படலாம். சந்தோஷப்படவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. பக்கத்தில் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடக்கிறார். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள், ஒன்றில் ரத்தம் டயாலிசிஸ் மெஷினுக்குப் போகிறது, ஒன்றில் திரும்பி வருகிறது, எது போவது எது வருவது என்று ஆரம்பத்தில் நர்ஸ் பெனசீர் காட்டித் தந்தாள், இப்போதெல்லாம் நான் பார்ப்பதில்லை. ரங்கராஜ், என் வீட்டுக்காரர். பஞ்சாலையில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தவர், யூனிட் முழுக்கக் கரன்ட் போனாலும் டார்ச் இல்லாமல் நடந்து போய்ச் சரியான ஃப்யூஸைத் தொடுவார் என்று சொல்வார்கள், இப்போது வாரத்துக்கு மூன்று முறை இந்த நாற்காலி. ஏசி அளவுக்கு மீறிக் குளிர்கிறது. போர்வையை அவர் நெஞ்சுவரை இழுத்துவிட்டேன். கண்ணைத் திறக்காமல், "முடிஞ்சுதா யமுனா?" என்றார். என் வேலையைத்தான் கேட்கிறார். முடிந்துவிட்டது என்றுதான் திரை சொல்கிறது. "முடிஞ்ச மாதிரித்தானுங்க" என்றேன். "மாதிரின்னா?" என்றார். திரையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக்கொண்டேன்.

என் வேலையை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. இன்ஜினியரிங் காலேஜில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, கணக்கு டீச்சர், அவ்வளவுதான், எல்லாருக்கும் புரிந்தது. இப்போது சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தும் இந்த நாற்காலிக்குப் பக்கத்திலிருந்தும் செய்கிற வேலை, அவர் அக்கா சாந்தாமணி அண்ணி சொல்வது போல, "கம்ப்யூட்டர்ல என்னமோ". ஒரு அணை இருக்கிறது. பெரிய அணை இல்லை, கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், நானே பார்த்ததில்லை. அந்த அணையையும் ஆற்றையும் மதகுகளையும் ஆத்துமேடு என்ற கரையோரத்து ஊரையும் யாரோ கம்ப்யூட்டருக்குள் கட்டியிருக்கிறார்கள், பொம்மை போல, மாடல் என்பார்கள். மழையை ஊற்றிப் பார்க்கலாம், மதகைத் திறந்து பார்க்கலாம், ஒருவரும் சாக மாட்டார்கள். மற்றவர்கள் அந்தப் பொம்மையை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துச் சரியாகத்தான் ஓடுகிறது என்பார்கள். நான் ஓட்டுவதே இல்லை. வாக்கியம் எழுதுகிறேன். தர்க்கத்தின் குறிகளில், பிசகாமல், இரண்டு அர்த்தம் வராமல். எப்போதும், ஆற்றில் தண்ணீர் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால், அது ஆத்துமேட்டுக்குள் நுழையும் முன் சைரன் ஒலித்திருக்கும். இதுதான் வாக்கியம். இந்தப் பொம்மை எத்தனை விதமாக ஓடக்கூடுமோ அத்தனை விதத்திலும் இது நிற்கிறதா என்று என் பெட்டி தேடும். ஒரே ஒரு விதத்தில் உடைந்தாலும் போதும், எப்படி உடைந்தது என்று படிப்படியாகக் காட்டும். உடையவே உடையாதென்றால் பச்சை வரி. ஆத்துமேட்டில் எத்தனை வீடு என்று மாடலில் ஒரு எண்ணாக இருக்கிறது. சைரனுக்குப் பிறகு அவர்கள் நடந்து உயரமான இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் என்பதும் ஒரு எண். நடக்க முடியாதவர்கள் என்று ஒன்று இல்லை. அதை நான் கேட்கவும் இல்லை, என்னிடம் கேட்கச் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்.

போன் மடியில் அதிர்ந்தது. கிருபாகரன், என் மேனேஜர், என்னைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல பையன், எப்போதும் யாரோ துரத்துவது போலவே பேசுவான். மெசேஜ். 'பச்சை வந்துடுச்சுன்னு சர்வர்ல பார்த்தேன் மேடம். சூப்பர். மதியத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பிடலாமா? அணைக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க.' அனுப்பிவிடலாம். ஒரு பக்கம், கீழே என் பெயர், மாடல் சோதிக்கப்பட்டது, வாக்கியம் நிறைவேறுகிறது. பிறகு இந்த வாரம் முழுக்க ஒன்றும் யோசிக்காமல் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். வெறுமனே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும். ரிப்போர்ட்டைத் திறந்தேன். கர்சர் துடித்துக்கொண்டே இருக்கிறது. மெஷினும் அதே வேகத்தில் ஏதோ சத்தம் போடுகிறது, டொக், டொக், பம்ப் சுற்றுகிற சத்தம், இந்தச் சத்தம் வீட்டுக்கும் கூட வருகிறது, குக்கர் ஏற்றும்போது வருகிறது. பச்சை. ஏன் இவ்வளவு சீக்கிரம். சீக்கிரம் பதில் சொல்கிறவர்களை நம்பாதே என்று எனக்குள் யாரோ, யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, அது என் வயிற்றில் இருக்கிற பழக்கம். கேள்வியை முழுக்கக் கேட்காமலே தலையாட்டுகிற பையன்களை வகுப்பில் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். எங்கள் வீட்டு யானை இதுவரை யாரையும் மிதித்ததில்லை என்று போர்டில் எழுதுவேன். உண்மையா பொய்யா? பையன்கள் சிரிப்பார்கள், மேடம் வீட்டில் யானை ஏது. அதுதான், யானை இல்லை, அதனால் இந்த வாக்கியம் உண்மை, யாராலும் இதைப் பொய்யாக்க முடியாது, மிதித்த யானையைக் கொண்டுவந்து காட்டினால்தானே பொய். 'ஆல்' வருகிற எல்லா வாக்கியத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. மழை பெய்தால். பொருந்தினால். முன்பாதி நடக்கவே நடக்காது என்றால் பின்பாதியில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

பொருந்தினால். இது ஏன் இப்போது. வேண்டாம். அண்ணியின் குரல் வந்துவிட்டது, வந்தால் போகாது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், பந்தியில், எல்லாரும் கேட்கும்படி. "எனக்கு மட்டும் பொருந்துச்சுன்னு வெய்யி, கிட்னி ஒண்ணு எடுத்துக் குடுத்துப்போட்டு அடுத்த வேலையப் பாப்பேன். என்ற தம்பிக்கு இல்லாததா?" பக்கத்து இலைக்காரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கான்னா இப்படியல்லவா இருக்க வேண்டும். ரசம் ஊற்ற வந்தவன்கூட நின்று கேட்டான். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு டெஸ்ட் எடுத்தார்கள், ரத்த குரூப் சேர்ந்தது, சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது, முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், உங்களையும் இந்த நாற்காலியில் உட்கார வைக்க நான் தயாராயில்லை என்றார். அரசாங்க வரிசையில் பதிந்து வைத்திருக்கிறோம், வரிசை நகர்கிறதா என்று தெரியாது. அண்ணி டெஸ்டுக்குப் போகவில்லை. மகள் பிரசவம். பிறகு காசி. பிறகு மூட்டுவலி. பிறகு எதுவும் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. அந்த வாக்கியம் மட்டும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது, பொருந்தினால் கொடுப்பேன். அது பொய்யில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. பொய் என்றால் சண்டை போடலாம். ஒருதடவை இவரிடம், "நீங்களே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றேன். "கேட்டா சங்கடப்படுவா" என்றார், "நீ கேக்கோண்டாம்" என்றும் சொன்னார். அதோடு முடிந்தது. அன்றைக்கும் மெஷினிலிருந்து வந்து களைத்துப் படுத்திருந்தார், நானும் விட்டுவிட்டேன். களைப்பு எத்தனை கேள்விகளை மிச்சம் பிடிக்கிறது.

ரிப்போர்ட்டை மூடினேன். அடித்தேன், விரல்கள் தானாக, வேறொரு கேள்வி. தண்ணீர் எச்சரிக்கைக் கோட்டை ஒரே ஒரு முறையாவது, எந்த விதத்திலாவது, தாண்டக் கூடுமா? பதில் உடனே. கூடாது. ஒரு விதத்திலும் தாண்டாது. ஆக யானை இல்லை. இந்தப் பொம்மை ஆற்றில் வெள்ளமே வராது. வெள்ளம் வராத ஆற்றில் சைரன் ஒலித்திருக்கும் என்று நிரூபித்து வைத்திருக்கிறேன், பச்சையில். மழையைக் கொட்டும் பகுதிக்குள் போய்ப் பார்த்தேன். கஷ்டப்படவில்லை, ஒரே வரிதான். நீர்வரத்து இந்த அளவுக்கு மேல் வந்தால், அந்த அளவாகவே எடுத்துக்கொள். பக்கத்தில் ஒரு குறிப்பு, எழுதியவன் யாரோ, மழைமானி சில சமயம் பைத்தியம் பிடித்தது போல எண்களைத் தருகிறது, அதனால் வெட்டியிருக்கிறேன் என்று. நியாயம்தான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. மானி பழுதாகி ஆகாயம் உடைந்து விழுந்தது போல ஒரு எண் தந்திருக்கும், மாடல் நின்றுபோயிருக்கும், யாரோ போனில் கத்தியிருப்பார்கள், அவன் ஒரு மூடியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். மானி பழுதானதையும் மழை நிஜமாகவே பெய்ததையும் எண்ணை மட்டும் வைத்து எப்படிப் பிரிப்பது. இதுவரை பெய்ததில் அதிகம் எதுவோ அதற்கு மேல் பெய்யாது என்று ஒரு வரி. நாமெல்லாம் அப்படித்தானே இருக்கிறோம். இதுவரை வந்ததைவிட மோசமாக வராது என்று. இவருக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியபோது நானும் அப்படித்தான்—

"அக்கா, தள்ளுங்க, தள்ளுங்க்கா."

பெனசீர். நிமிர்ந்தேன். அவர் முகம். சுண்ணாம்பு போல இருந்தது, மேல் உதட்டில் வியர்வை, வாய் கொஞ்சம் திறந்து, போர்வைக்கு வெளியே வலது கால் விறைத்து இழுத்துக்கொண்டிருந்தது. மெஷின் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு எனக்குக் கேட்கவில்லை. பெனசீர் நாற்காலியின் தலைப்பக்கத்தைப் பின்னால் சாய்த்தாள், கால்கள் மேலே வந்தன, பட்டன்களைத் தட்டினாள், சலைனைத் திறந்துவிட்டாள், "அண்ணா, கண்ணத் திறங்க, என்னையப் பாருங்க, இருமுங்க" என்று கன்னத்தைத் தட்டினாள். "பிரஷர் எறங்கிருச்சுங்க்கா, பயப்படாதீங்க, இன்னைக்கு உடம்புத் தண்ணி அதிகமா எடுத்தோமல்ல." நான் அவர் காலைப் பிடித்தேன், கெண்டைச்சதை கல்லாக இருந்தது, பாதத்தை முகத்துப் பக்கம் வளைத்து அழுத்தினேன். போய்விட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அந்த நினைப்புக்குப் பிறகான காரியங்கள் எல்லாம் வரிசையாக ஓடின, யாருக்கு முதலில் போன் செய்வது, ஆம்புலன்ஸில் நான் எங்கே உட்காருவது, வீட்டுச் சாவி எந்தப் பையில். அதற்குள் கல் இளகியது. அவர் இருமினார். கண்ணைத் திறந்து முதலில் விளக்கைப் பார்த்தார், பிறகு பெனசீரை, பிறகு என்னை. "என்ன, எல்லாரும் நிக்கறீங்க?" என்றார். பெனசீர் சிரித்துவிட்டாள். சிரிக்க அவளுக்கு முடிகிறது, இருபத்தைந்து வயதிருக்கும், பகலில் எட்டு நாற்காலி அவளுக்கு. "உங்களுக்கு எறங்குனா எனக்குத்தாண்ணா பிரஷர் ஏறுது" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

நான் கீழே விழுந்திருந்த லேப்டாப்பை எடுத்தேன். எப்போது விழுந்தது. மூலையில் கீறல், ஓடுகிறது. "வேலையப் பாரு" என்றார் அவர், குரல் நூல் போல. "வேலை கிடக்குதுங்க" என்றேன். "இல்ல, பாரு. நீ என்னையவே பாத்துட்டு உக்காந்தா எனக்குப் பயமா இருக்குது." அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஹைவோல்டேஜ் பேனலில் கை வைக்கிறவர். சரி என்று திரையைப் பார்த்தேன், அவரைப் பார்க்காமல் இருப்பதற்காக. அந்த ஒரு வரியை நீக்கினேன். மூடியை எடுத்தேன், வரட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் என்று. பழைய வாக்கியத்தைத் திரும்பக் கொடுத்தேன். விசிறி இரையத் தொடங்கியது. இப்போது யோசிக்கிறது. இப்போதுதான் யோசிக்கிறது. நான் ஓரக்கண்ணால் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறது. இறங்குகிறது. ஏறுகிறது. சலைன் சொட்டுகிறது. எதிர் நாற்காலிக்காரர் தினமலரை நாலாக மடித்து முகத்துக்கு முன் பிடித்திருக்கிறார், பக்கத்தைத் திருப்ப ஒரு கைதான், அதனால் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

சிவப்பில் வந்தது. உடைந்துவிட்டது. எப்படி என்று படிப்படியாகக் கீழே. மேலே மழை. அணைக்கு நீர் வருகிறது, இதுவரை வராத அளவு. முதல் மதகு திறக்கிறது, பிறகு இரண்டாவது. ஆறு ஏறுகிறது. கரையோரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதன் காலடிக்குத் தண்ணீர் வந்ததும் யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாது என்று கரன்ட் தானாக நிற்கிறது, மிகச் சரியான ஏற்பாடு. ஆறு இன்னும் ஏறுகிறது. எச்சரிக்கைக் கோடு. சைரன் ஒலிக்க வேண்டும். சைரனுக்குக் கரன்ட் அந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து. ஆத்துமேட்டுக்குள் தண்ணீர். சைரன், இல்லை. அவ்வளவுதான், அதற்குக் கீழே ஒன்றுமில்லை, என் வாக்கியம் உடைந்ததோடு பெட்டிக்கு வேலை முடிந்தது, தண்ணீர் உள்ளே போன பிறகு என்ன என்று அதற்கு அக்கறையில்லை. எனக்கு மட்டும் தெரிகிறது, தெரிய வேண்டாம் என்றாலும். இருட்டு, நாய் குரைக்கிறது, யாரோ பாயிலிருந்து காலைக் கீழே வைக்கிறார்கள், ஈரம், குடம் எதிலோ மோதி மிதக்கிறது, அப்போதும் சைரனுக்காகக் காத்திருக்கிறார்கள், ஊதியிருந்தால் எழுந்திருப்போமே என்று. ஒவ்வொரு ஏற்பாடும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. ஒரு தப்பும் யாரும் செய்யவில்லை. எல்லாம் சேர்ந்துதான் இப்படி. ஆனால் இது மாடல். இது ஆறு இல்லை. நான் மாடலைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும், நிஜ ஆற்றங்கரையில் சைரனுக்குத் தனிக் கம்பி இருக்கலாம், பேட்டரி இருக்கலாம், யாரோ பறை அடிக்கலாம், நான் போய்ப் பார்த்தேனா. இருக்கலாம் என்று அனுப்பிவிடலாமே. உடல் முழுக்கக் கெஞ்சியது, அனுப்பிவிடு, பச்சை வந்தது பச்சைதான், கேட்டதற்குப் பதில், கேட்காததை நீ ஏன். இன்னொரு மாதம் இந்த அணையோடு மாரடிக்க என்னால் முடியுமா. மடியில் வெள்ளம், பக்கத்தில் மெஷின். முடியாது. போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அஞ்சு நிமிஷமுங்க" என்றேன். "போயிட்டு வா, எங்கயும் போயிர மாட்டேன்" என்றார்.

வராந்தாவில் வெயில் அடித்தது. கண் கூசியது. கிருபா முதல் மணியிலேயே எடுத்தான். "அனுப்பிட்டீங்களா மேடம்?"

"இல்ல கிருபா. பச்சைன்னு வந்தது வெத்துப் பச்சை. அந்த மாடல்ல வெள்ளமே வராது. மூடி போட்டு வெச்சிருக்காங்க."

"ஐயோ" என்றான். அவனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது, அதற்காகவே அவனைப் பிடிக்கும். பிறகு, "சரி, மூடியை எடுத்தா?"

சொன்னேன். மழையிலிருந்து ஆத்துமேடு வரைக்கும். கேட்டுக்கொண்டே இருந்தான், பின்னால் யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள், கதவைச் சாத்தும் சத்தம்.

"மேடம், அங்க பேட்டரி இருக்கும்."

"இருக்கும்னா?"

"சைரனுக்குப் பேட்டரி இல்லாம யாராவது வெப்பாங்களா? இருக்கணும்."

"இருக்கும், இருக்கணும், இருக்கு. மூணும் வேற வேற கிருபா. மாடல்ல இல்ல."

"மாடல்ல விட்டுப் போயிருக்கலாம்ல? நாம மாடலைத்தானே சர்ட்டிஃபை பண்றோம். அவங்க குடுத்த மாடல், அவங்க குடுத்த வாக்கியம். வாக்கியம் உண்மை. தப்பா ஒண்ணும் எழுதலையே நாம." அவன் என்னைச் சம்மதிக்க வைக்கப் பேசவில்லை, தன்னை. குரலில் தெரிந்தது. "இந்த வேலை போனா அடுத்த வருஷம் நம்ம டீமே இருக்காது மேடம். உங்களுக்கே தெரியும். வீட்டிலிருந்து வேலை பாக்கறவங்களைத்தான் முதல்ல எடுப்பாங்க."

தெரியும். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவனுக்கும் உடனே தோன்றியிருக்க வேண்டும், "சாரி" என்றான். வராந்தா ஓரத்தில் ஒருவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வாதம் செய்யத் தெம்பில்லை. காலேஜ் நாட்களில் இதற்கு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், வெற்று உண்மை என்றால் என்ன, அது ஏன் உண்மையைவிட ஆபத்து என்று. இப்போது இவ்வளவுதான் வந்தது.

"என் பேர் போட்டு அந்தப் பச்சை போகாது கிருபா. கத்தி எல்லாம் சொல்லல, சோர்ந்துபோய்த்தான் சொல்றேன். நீங்க போன் போட்டுக் கேளுங்க. பேட்டரி இருக்கான்னு. ஒரே ஒரு கேள்வி. இருக்குன்னா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, நான் மாடல்ல சேத்து இன்னைக்கே திரும்ப ஓட்டறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லன்னு தெரியுமில்ல."

"கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்கு மேடம். கேட்டுட்டா அப்புறம் நமக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது." "ஆமா" என்றேன். "சரி, லைன்லயே இருங்க, இல்ல வேண்டாம், நான் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.

உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். சுவரில் சாய்ந்தால் சுவர் சூடாக இருந்தது, முதுகுக்கு இதமாக இருந்தது, அப்படியே தூங்கிவிடலாம் போல. கேட்டுவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது. எத்தனை பேர் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்கிறோம். அண்ணி மட்டுமா. இவரும்தான், கேட்டால் சங்கடப்படுவாள் என்று. நானும்தான், நீ கேக்கோண்டாம் என்றவுடன் ஒரு நிம்மதி வந்ததல்லவா எனக்கும். கேட்காத வரைக்கும் ஒரு கிட்னி எங்கோ இருக்கிறது, அண்ணியின் வயிற்றில், நமக்கென்று வைத்தது போல. அது இல்லை என்று ஆகிவிட்டால் பிறகு வரிசை மட்டும்தான். ஆஸ்பத்திரிப் பூனை ஒன்று வந்து காலை உரசிவிட்டு என்னிடம் ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டு போனது. பசிக்கிறது. காலையில் சாப்பிடவில்லை. சர்க்கரைக்காரி சாப்பிடாமல் இருக்கக் கூடாது. இங்கே விழுந்தால் பெனசீருக்கு ஒன்பதாவது நாற்காலி. போன் அதிரும் என்று கையிலேயே வைத்திருந்தேன், அதிராமலே அதிர்வது போல இருந்தது, இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை நிஜமாகவே வந்தது.

"மேடம். பேட்டரி இருக்காம்."

தோளிலிருந்து ஏதோ இறங்கியது. "நல்லதாப் போச்சு."

"ஷெட்ல இருக்காம்." அவன் குரல் மாறியிருந்தது. "வாங்கி வெச்சிருக்காங்க, இன்னும் மாட்டலையாம். அதை உள்ள வெக்க ஒரு பெட்டி வரணுமாம், வரல. அங்க இருக்கற இன்ஜினியர் முதல்ல சிரிச்சார் மேடம், என்ன சார் கம்ப்யூட்டர்காரங்க பேட்டரி எல்லாம் கேக்கறீங்கன்னு. நான் நீங்க சொன்னதை அப்படியே வரிசையா சொன்னேன், மழை, மதகு, டிரான்ஸ்பார்மர்னு. அதுக்கப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. அப்புறம் ரிப்போர்ட்டை நிறுத்தி வைங்க, பெட்டி இல்லாட்டியும் பரவால்ல, இன்னைக்கே தற்காலிகமா மாட்டிட்டு நானே நின்னு ஊதிப் பாத்துட்டுச் சொல்றேன்னார்."

"மூடிய எடுத்த மாடலை அவங்களுக்கு அனுப்பிடுங்க" என்றேன். "அனுப்பறேன்" என்றான். "அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மேடம். நீங்க சாரைப் பாருங்க." ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், தேங்க்ஸ் என்றாவது. சொல்வதற்குள் அவனை யாரோ துரத்த ஆரம்பித்துவிட்டார்கள். வெற்றி என்று ஒன்று வருமென்று கொஞ்சம் நின்று பார்த்தேன். வரவில்லை. இன்னும் எத்தனை வரிகளில் எத்தனை மூடிகள், யார் பார்ப்பது, நான்தான், நாளைக்கு.

உள்ளே வந்தபோது மெஷினை நிறுத்தியிருந்தார்கள். குழாயிலிருந்த ரத்தமெல்லாம் அவருக்குள் திரும்பிப் போய்விட்டது, குழாய்கள் வெளுத்துத் தொங்கின. பெனசீர் இரண்டாவது ஊசியையும் உருவி, பஞ்சை வைத்து, "அக்கா, புடிச்சுக்குங்க, அழுத்தி" என்று என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் மடியில் அவருடைய போன் கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன. பிரஷர் மறுபடி இறங்கியதா என்று பெனசீரைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"அக்காகிட்டக் கேட்டுப்போட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் எந்த அக்கா என்றே விளங்கவில்லை.

"நீ வெளிய போனவுடனே. அப்ப வந்துச்சல்லோ, அந்த மயக்கம், அதுல எனக்கு ஒண்ணுமே தோணல யமுனா, பயம்கூட அப்புறந்தான் வந்துச்சு. இப்படியே போயிருந்தா, ஒரு வார்த்தை கேக்காமயே போயிருப்பேன்னு இருந்துச்சு. அதான் கூப்பிட்டு நேராக் கேட்டேன். அக்கா, டெஸ்ட் எடுக்கறியா மாட்டியா, ரெண்டுல ஒண்ணு சொல்லீருன்னு."

"என்ன சொன்னாங்க?"

போனைத் திருப்பி வைத்தார். "டெஸ்டே வேண்டாம்டா தம்பின்னா. பொருந்திப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு கேட்டா."

பஞ்சின் மேல் என் விரல் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள், அண்ணியை ஒருநாள் நிற்க வைத்துக் கேட்பதற்கென்று கூர் தீட்டி வைத்தவை, எங்கே என்று பார்த்தேன். ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு வயதான பொம்பளைதான் தெரிந்தாள், அறுபது தாண்டியவள், மூட்டுவலி நிஜமாகவே உள்ளவள், தன் உடம்பை அறுப்பார்கள் என்று நினைத்து நடுங்குகிறவள். பந்தியில் சத்தமாகச் சொன்னதெல்லாம் அந்த நடுக்கத்துக்கு மேல் போர்த்தியது.

"அழுதா" என்றார். "சின்னப் புள்ளையாட்ட. நாந்தான் சமாதானம் பண்ணுனேன். சரி விடு, கேட்டதுக்குப் பதில் சொன்னயே அது போதும்னேன். ஞாயித்துக்கிழமை வர்றாளாம். கோழி அடிச்சுக் கொண்டாரட்டுமான்னா, எனக்கு அதெல்லாம் ஆகாதுக்கா, நீ சும்மா வான்னு சொன்னேன்."

"உங்களுக்கு வருத்தமில்லீங்களா?"

"இருக்குது" என்றார். "ஆனா இனி அதை எதிர்பாத்துட்டு இருக்க வேண்டாமல்ல."

என் கட்டைவிரலுக்குக் கீழே, பஞ்சுக்கும் தோலுக்கும் அடியில், ரத்தம் குறுகுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே கவனித்துக்கொண்டு நின்றேன். அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார், தூங்குவதற்கு. கொஞ்சம் பொறுத்துப் பஞ்சை மெல்ல எடுத்துப் பார்த்தேன். ஒரு துளி வந்தது. மறுபடி வைத்து அழுத்திக்கொண்டேன்.